சந்திரகலாவின் மறதி

வண்டிச் சாவி அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. துளசிராமனுக்கு வந்ததே கோபம்!

“இன்னாமே, மூளை இருக்கா உனக்கு? சாவி வைக்கிற எடமா இது?”

“நாந்தான் வச்சிருப்பேன். மறந்துட்டேன், வுடு,” என்றாள் மனைவி சந்திரகலா.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் ஊரையே மேய்க்கிற ஃபோர்மேனுக்கு வீட்டில் ஒருத்தியை மேய்க்க முடியவில்லை. சாவிக்கென்று ஆணி அடித்தார். மறுநாள் அதில் அவருடைய மூக்குக்கண்ணாடி தொங்கியது. இனி கேஸை நானே மூடுகிறேன் என்று பொறுப்பேற்றார். அந்த வாரமே பால் கருகி, பக்கத்து வீட்டு ஜெபா கதவைத் தட்டினாள்.

“அதுவும் நாந்தான்,” என்றாள் சந்திரகலா.

பொறுக்க முடியாமல் டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் அவளிடம் தனியாகப் பேசிவிட்டு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

கீழ்த்தளத்து ஸ்கேன் சென்டரில் அவள் மெஷினைப் பார்த்துப் பின்வாங்கினாள். “குகையாட்டம் கீது. எனக்குப் பயம். நீ மொதல்ல படுத்துக் காமி.”

“மில்லு சத்தத்துக்கு முன்னாடி இதெல்லாம் தாலாட்டுமே!” ஸ்கேன் எடுக்கும் ஸ்நேகாவிடம் வெள்ளி அரைஞாணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீரமாகப் படுத்தார். அப்புறம் சந்திரகலா உள்ளே போனாள். போன வேகத்தில் வந்தாள்.

“அதுக்குள்ளயா?”

“எனக்குக் கொஞ்ச மூளைதானே. சீக்கிரம் முடிஞ்சிருச்சு.”

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். “இந்த வெள்ளைத் திட்டுங்க தெரியுதா? மூளையில சின்னச் சின்ன ரத்தக்குழாய்ங்க பாதிச்சிருக்கு. பிரஷரைக் கவனிக்காம விட்டா இப்படி ஆகும். மறதி வரும், கோபம் வரும். போனது போனதுதான். இனிமே மோசமாகாம பாத்துக்கலாம்.”

துளசிராமன் மனைவி பக்கம் திரும்பினார். எத்தனை வருஷத்துப் பேச்சு! சோறு போட்ட கையை ஒருநாளாவது நிம்மதியாக இருக்கவிட்டாரா? இவள் இல்லாவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

“வாயைத் தெறந்தா மூளை இருக்கா, மூளை இருக்கான்னு கேட்டேனே... நான் மனுசனாமே?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழுகிற மனுஷனுக்கு எது காதில் விழும்?

“உன்னைக் கண்ணாட்டம் பாத்துக்கிறேன். மாத்திரையை நானே எடுத்துக் குடுக்கறேன்.”

“வுடு, அழாதே. நான் எடுத்துக் குடுக்கறேன்,” என்றாள் சந்திரகலா, அவளும் அழுதுகொண்டு.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள் ஸ்நேகா.

“அங்கிள், உங்க அரைஞாணை மறந்துட்டு வந்துட்டீங்க. ஐயோ, ஆன்ட்டி கையப் புடிச்சுக்கினு ஏன் அழுவுறீங்க? அவங்களுக்கு நாங்க ஸ்கேனே எடுக்கலியே!”