பெட்டி இருக்கிறதா, இல்லையா

சோப்புப் பெட்டியைத் தூக்கப் போன ரோபோ கை பாதியில் நின்றது. மெஷின் பக்கத்துக் கம்பத்தின் உச்சியில் சிவப்பு லைட் எரிந்தது. காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

"என்னம்மா, திரும்பப் படுத்துடுச்சா?" என்றார் மேலாளர், பெட்டிகள் நகர்ந்து வரும் கன்வேயரின் எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தபடி.

பயிற்சிப் பொறியாளர் லேப்டாப்புக்குள் தலையை விட்டாள். அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். 'என் மக ரோபோ ஓட்டுறா' என்று அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அது ஓடினால்தானே? வெள்ளிக்கிழமை முதலாளியம்மா முன்னால் அரைமணி நேரம் நிற்காமல் ஓடினால் வேலை நிரந்தரம். நின்றால் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு.

கோளாறு ஒன்றும் பிரமாதமில்லை. கன்வேயர் ஓரம், எதிரே பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்க்கும் ஒரு சென்சார். அதற்குத் தெரிந்த பதில் இரண்டே இரண்டு: பெட்டி இருக்கிறது, பெட்டி இல்லை. இருக்கிறது என்றால் கை வந்து தூக்கும். இந்தச் சனியனோ பெட்டியே இல்லாதபோதும் இருக்கிறது என்று சாதித்தது. கை வெறுங்காற்றைப் பிடித்து, ஏமாந்து, நின்றுவிடும்.

லென்ஸைத் துடைத்தாள். வயரை மாற்றினாள். கடைசியில் சென்சாரையே கழற்றிப் புதிது போட்டாள். புதிதும் அதே பொய்யைச் சொன்னது, இன்னும் கூசாமல்.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. எங்கோ இரண்டு நாள் ஆட்டோமேஷன் கருத்தரங்குக்குப் போய், ஒரு சான்றிதழும் வெள்ளிப் பட்டைகள் மின்னும் ஒரு மேற்சட்டையும் வாங்கி வந்தவர் அவர். சான்றிதழ் சுவரில் தொங்கியது. சட்டை எந்தப் புழுக்கத்திலும் அவர் உடம்பை விட்டு இறங்கியதில்லை.

"இருக்கு, இல்லைன்னு மட்டும் சொன்னா அது டிஜிட்டல். நமக்கு வேண்டியது அனலாக். எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்து சொல்லும்," என்று பாடம் நடத்தினார், நாலு வருஷம் அதையே படித்தவளிடம்.

ஒரு பெட்டி இருக்கா இல்லையான்னு தெரிய அளவு எதுக்கு சார் என்று கேட்டாள். பெண்ணுக்கு வாய் அதிகம் என்று கோப்பில் ஏறியது.

அனலாக் சென்சார் வந்தது. தூரம் குறையக் குறையக் கையின் வேகமும் குறைய வேண்டும் என்பது மேலாளர் உத்தரவு. அப்படியே செய்தாள். முன்பு பட்டென்று நின்ற கை, இப்போது தயங்கி, நடுங்கி, கும்பிடு போடுவது போலக் குனிந்து நின்றது. மேலாளர் அதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதினார்.

அடுத்து, லைட் போதாது என்று சைரன் மாட்டச் சொன்னார். அது அலறிய நொடியில் பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். சைரன் வைத்ததும் ஜனங்களுக்கு எத்தனை பொறுப்பு வந்துவிட்டது பார் என்று பூரித்துப்போனார்.

புதன்கிழமை அவர் விடுப்பு. அன்றைக்கு மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு மறுநாள் பதிவை நீட்டினாள்.

"நான் இல்லாதப்ப ஓடுது, நான் வந்தா நிக்குதா? யாரும்மா நம்புவாங்க? பதிவைத் திருத்தியிருக்கே," என்றார். அதுவும் கோப்பில் ஏறியது. அன்று வீட்டில் அம்மா, வேலை நிரந்தரமான லெட்டர் எப்போ வரும் என்று கேட்டதற்கு அவள் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வந்தார். கை பெட்டி பெட்டியாகத் தூக்கியது. இருபது நிமிஷம் தாண்டியது. இவள் மூச்சுகூட அளந்து விட்டாள்.

மேலாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் அனலாக் சென்சாரைக் காட்ட வேண்டாமா? கன்வேயரைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், குனிந்து விரலை நீட்டினார். கை தயங்கியது. நடுங்கியது. நின்றது. சைரன் அலறியது.

"நான்தான் எழுதியிருந்தேனே மேடம்," என்றார் மேலாளர் துக்கத்தோடு. "இந்தப் பொண்ணுக்கு இது சரிப்படாது."

முதலாளியம்மா இவளைப் பார்த்தார். அடுத்து பேக்கிங் பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் நிமிரவில்லை. பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தாள். இந்த மெஷின்ல என்னதான் கோளாறு, உனக்காவது தெரியுமா என்று சலிப்போடு கேட்டார்.

அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"கோளாறா? சார் மினுமினு சட்டையோட அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தா எரியணும்னுதானேம்மா லைட்டே வச்சிருக்கீங்க? அதைப் பார்த்துத்தான் நாங்க எல்லாரும் போனை உள்ள வைக்கிறோம்."