மணல்வாளியின் எட்டாவது வேலை

பயப்படுவதற்கு என்று உலகத்தில் ஒரு போட்டி வைத்தால், எங்கள் மணல்வாளி அதில் பேர் கொடுக்க மாட்டான். தோற்றுவிடுவோமோ என்று பயம். ஜெயித்துத் தொலைத்தால் மேடை ஏறி மைக்கைத் தொட வேண்டுமே, மைக்கில் கரண்ட் இருக்குமே என்று அதைவிடப் பெரிய பயம்.

சிவகாசியில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் நானும் அவனும் ஒரே அறை. நான் அப்போது ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அவன் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன், கெமிஸ்ட்ரி பட்டதாரி. முதல் நாள் ஒரு கையில் சூட்கேஸும் இன்னொரு கையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த வாளியுமாக மூச்சிரைக்க ஏறி வந்தான். வாளி நிறைய மணல்.

"எதுக்குப்பா இது?" என்றேன்.

"தீப்பிடிச்சா?"

"பிடிக்கலையே."

"பிடிச்ச பெறகு கீழ போயி மணல் அள்ளிட்டு வர முடியுமா?" என்று கேட்டுவிட்டு, வாளியைத் தன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் சரி நடுவில் வைத்தான். அன்றைக்கு விழுந்த பேர் அது. அவன் சொந்தப் பேரை லாட்ஜ் மேனேஜரே மறந்துவிட்டார்.

இவன் வேலை தேடி அலையவில்லை. வேலைகள்தான் இவனிடம் மாட்டிக்கொண்டு அலைந்தன. மூன்று வருஷத்தில் ஏழு வேலை. இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தபோது, மனுஷனுக்கு என்னென்ன ஆபத்தெல்லாம் வரலாம் என்று ஒரு மளிகைக் கடைக்காரரிடம் ஒன்றரை மணி நேரம் விளக்கியிருக்கிறான். கடைக்காரர் கொட்டாவி விட்டார். இவனுக்கு வியர்த்துவிட்டது. நேராக ஆபீசுக்குப் போய்த் தன் பேரில் ஒரு பாலிசி எடுத்தான். அந்த வேலையில் அவன் பிடித்த ஒரே வாடிக்கையாளர் அவன்தான்.

பிறகு ஒரு மெட்ரிக் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். சோதனைக் குழாயைக் கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பாடம் நடத்துவானாம். அதுவும் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஆபத்து வந்தால் வகுப்பை விட்டு எப்படி வெளியே வருவது என்று பயிற்சி. பிள்ளைகள் நாற்பது பேரும் கண் மூடித் திறப்பதற்குள் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள்.

"பாடத்தை எப்ப சார் நடத்துவீக?" என்று தாளாளர் கேட்டிருக்கிறார்.

"மொதல்ல வெளிய வரப் படிச்சுக்கிடட்டும் சார். உள்ள இருக்கிறது தன்னால வந்துரும்."

அவனைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள்.

ஏழாவது வேலைக்கு அவனை எங்கள் அச்சகத்திலேயே நான் சேர்த்துவிட்டேன். தினசரிக் காலண்டருக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. எழுத்தைப் பார்க்கிற வேலையில் என்ன பயம் வரப்போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். காலண்டர் தாளில் ராசிக்கு ஒரு வார்த்தையாகப் பலன் போடுவார்கள் இல்லையா? நன்மை, வரவு, பயம், நஷ்டம் என்று. இவன் ஒரு நாள் புரூஃபைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"ரிஷபத்துக்குப் 'பயம்'னு போட்டிருக்காகப்பா. காலங்காத்தால தாளைக் கிழிச்சு இதைப் பாத்தா, ஒரு மனுசன் எப்படி வேலைக்குப் போவான்?"

"ஜோசியர் எழுதிக் கொடுத்தது. நீ எழுத்துப்பிழை மட்டும் பாரு" என்றேன்.

பார்த்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட விடவில்லை. கூடவே பயம், கவலை, நஷ்டம், விரயம், பகை எல்லாவற்றையும் அடித்துவிட்டு நன்மை, நன்மை என்று எழுதி அனுப்பிவிட்டான். அச்சாகி, லோடு ஏறி, கடைகளில் தொங்கின பிறகுதான் தெரிந்தது. வருஷம் முழுக்க, பன்னிரண்டு ராசிக்கும், ஆயுத பூஜையிலிருந்து அமாவாசை வரைக்கும் நன்மை. முதலாளி இவனைத் திட்டிய திட்டில் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலண்டரை வாங்கியவர்கள் ஒருவரும் புகார் செய்யவில்லை. புகார் எல்லாம் ஜோசியரிடமிருந்துதான்.

இந்த நேரத்தில்தான் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். தூரத்துச் சொந்தம். பெண் கனகா, விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். இவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பிடித்திருந்தது என்பதை என்னால் இன்றைக்கும் முழுதாக நம்ப முடியவில்லை. அவளுடைய அப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர். ஒரே பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். அவர் முன்னால் இவன் கையைக் கட்டிக்கொண்டு, கேட்காமலே ஏழு வேலையையும் வரிசையாக ஒப்பித்துவிட்டான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, ஒரே வேலையில ஆறு மாசம் இருந்து காட்டுங்க. பொண்ணு தாரேன். ஒரு நாள் கொறஞ்சாலும் பேச்சுக் கிடையாது" என்றார்.

லாட்ஜுக்கு வந்து மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்கு ஏத்த வேலைன்னு ஒண்ணு இருக்காப்பா? இல்ல, நான் எதுக்கும் லாயக்கில்லாமப் பொறந்துட்டனா?" என்று கேட்டான். அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. என்னையும் அப்போது அதே கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் லேபிள் பார்க்க வந்த ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கும் தன் ஆலைக்குக் கெமிஸ்ட்ரி படித்த ஆள் ஒருவர் ஃபோர்மேனாக வேண்டும் என்றார். பாதுகாப்பு விதிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் யோசிக்காமல் இவன் பேரைச் சொல்லிவிட்டேன்.

"அங்கனயா? வெடிக்குமேப்பா!" என்றான்.

"வெடிக்காமப் பாத்துக்கிடத்தான் ஆள் கேக்காக."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நாலு சுவருக்குள்ளேயே பயந்து சாகிறவனை வெடிமருந்துக் கிடங்குக்கு அனுப்புகிறோமே, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த அம்மா வேறு, மகன் இந்த வேலையில் நிலைத்தால் அவனுக்கு மொட்டை போடுவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார்.

பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தான். விதிப் புத்தகத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டான். காலையில் வேன் வந்ததும் வாசலிலேயே நின்றுகொள்வான். கொலுசைக் கழற்று, கொண்டை ஊசியைக் கழற்று, போனைக் கொடு. வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தலையையும் எண்ணுவான், நாற்பத்திரண்டு. சாயங்காலம் ஏறும்போது மறுபடி எண்ணுவான். நாற்பத்திரண்டு வந்த பிறகுதான் அவன் மூச்சு விடுவான்.

நைலான் சேலை உரசினால் பொறி கிளம்பும் என்று காட்டன் சேலைதான் கட்ட வேண்டும். இவன் சந்தேகப் பிராணி. "அக்கா, இது காட்டன்தானா?" என்று ஒவ்வொருவராக முந்தானையைப் பார்த்துக் கேட்டிருக்கிறான்.

"ஏன் தம்பி, இல்லன்னா வாங்கித் தரப் போறீகளா?" என்று ஒரு அக்கா கேட்க, நாற்பத்திரண்டு பேரும் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டதாம். இவன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் எல்லோரும் காட்டனில் வந்தார்கள்.

நாலு மாதம் ஓடிவிட்டது. நான் தினமும் வேலைக்கு நடுவே ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வானத்தைப் பார்ப்பேன், புகை தெரிகிறதா என்று. அவனோ வேறு கவலையோடு வந்தான்.

"நாலு மாசமா ஒண்ணுமே நடக்கலைப்பா. நான் வேலை பாக்கேனா, சும்மா இருக்கேனான்னே தெரியலை. லேபிளாவது நீ போட்டா கண்ணுக்குத் தெரியுது."

ஆறு மாதம் முடியப் பன்னிரண்டு நாள் பாக்கி. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. புது லேபிளின் மாதிரியைக் காட்டுவதற்காக நான் அன்று ஆலைக்குப் போயிருந்தேன். வடக்கே ஒரு பெரிய ஆர்டர் போக வேண்டும் என்று முதலாளி இன்னொரு இடத்திலிருந்து வேன் நிறைய ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருந்தார். ரூமுக்கு நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் எட்டு பேர். உச்சி வெயில் வேறு. மணல்வாளியின் முகம் வெளுத்துப்போய்க் கிடந்தது.

நான் அவனைத் தனியே இழுத்தேன். "பன்னெண்டு நாள்தாம்லே. கனகாவை நெனச்சுக்கோ. கண்ணை மூடிக்கிட்டு இருந்துரு" என்றேன். இப்போது இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னது நான்தான்.

"கண்ணை மூடுனா இன்னும் பயமா இருக்குப்பா" என்றான்.

பிறகு அவன் செய்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கத்தினால் ஆட்கள் பதறி எதையாவது தட்டிவிடுவார்கள் என்று, ஒவ்வொரு ரூம் வாசலிலும் குனிந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி, "அக்கா, கையில இருக்கிறதை மெதுவாக் கீழ வச்சுட்டு எந்திரிங்க" என்று ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் ஆலையே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு சத்தம் இல்லை.

முதலாளி கார் வந்து நின்றது. "என்னலே இது? கோயில் பந்தியா? லோடு ஏத்தணும், எல்லாரும் அங்கன என்ன செய்யிறாக?"

மணல்வாளி கார் பக்கத்தில் போய் நின்றான். விதிப் புத்தகத்தைப் பக்க எண்ணோடு சொல்லத் தெரிந்தவன், அந்த நேரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டான்.

"பயமா இருக்கு அண்ணாச்சி" என்றான்.

"ஒன் பயத்துக்கு நான் ஆர்டரை விடணுமா?"

"ரூமுக்கு நாலு பேர்தான் அண்ணாச்சி. இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு."

"அம்புட்டுப் பயந்தா இங்க என்னலே வேலை? நாளையில இருந்து வராத."

"சரிங்க அண்ணாச்சி. சாயங்காலம் எல்லாரும் வேன் ஏறுற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

இருந்தான். எண்ணி ஏற்றிவிட்டுத்தான் வந்தான். அறைக்கு வந்து சூட்கேஸை எடுத்து வைத்துத் துணிகளை மடித்தான். கனகாவின் பேரை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை வேன் ஆலை வாசலுக்குப் போய் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. "எண்ணுறதுக்கு ஆள் இல்லையே" என்றிருக்கிறார்கள். முதலாளி, இதென்ன பிரமாதம் என்று தானே எண்ணியிருக்கிறார். ஒரு தடவை நாற்பத்தொன்று வந்தது, இன்னொரு தடவை நாற்பத்துமூன்று. "அந்தத் தம்பி எண்ணுனாத்தான் அண்ணாச்சி எங்களுக்கு மனசு கேக்கும்" என்று சேலை பற்றிக் கேலி செய்த அதே அக்கா உள்ளேயிருந்தபடி சொன்னாளாம். வெயில் ஏறியது. பத்தரை மணிக்கு முதலாளியின் கார் லாட்ஜ் வாசலில் நின்றது.

மணல்வாளி கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ரூமுக்கு நாலு பேர்தான அண்ணாச்சி?"

"நாலே நாலுதாம்லே. ஏறித் தொலை."

ஆறு மாதம் முடிந்த மறுநாள் அவனோடு நானும் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். அந்த அரை நாள் சமாச்சாரத்தை மட்டும் வாயைத் திறக்காதே என்று பஸ்ஸில் ஏழு தடவை சொல்லியிருந்தேன். உட்கார்ந்த உடனே அதைத்தான் முதலில் சொன்னான். பின்னால் தெரிந்துபோனால் என்ன ஆகுமோ என்று பயமாம்.

தலைமையாசிரியர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப சர்வீஸ் பிரேக் ஆயிருச்சே தம்பி. வேலையை விட்டு நிறுத்தி, மறுபடி சேத்திருக்காக. மொதல்ல இருந்துல்லா எண்ணணும்" என்றார்.

மணல்வாளி தலையை ஆட்டினான். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. நான்தான் அவன் தொடையில் கிள்ளினேன். கனகா டூட்டிக்குக் கிளம்பி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா" என்றாள். "ஐப்பசி மாசம் எங்க வார்டு எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது. வாறவுக ஒவ்வொருத்தரையும் எந்தக் கம்பெனின்னு கேட்டு எழுதுறது நான்தான். இவுக கம்பெனிப் பேரை இந்த வருசம் நான் ஒரு தடவைகூட எழுதலை."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை அவர் துடைத்தது கண்ணாடியை அல்ல.

"அந்த அரை நாளை மெடிக்கல் லீவுல போட்டுக்கிடலாம்" என்றார்.

அம்மா நேர்ந்தபடி மொட்டை போட்ட தலையோடுதான் நிச்சயதார்த்தத்துக்கு வந்தான். போட்டோவில் ஃபிளாஷ் விழுந்து அவன் தலை மட்டும் தனியாக மின்னியது.

இன்றைக்கும் அவன் அதே ஆலையில்தான் இருக்கிறான். நான் இரண்டு அச்சகம் மாறி, ஊர் மாறி, இப்படி எழுதிப் பிழைக்க வந்துவிட்டேன். ஐப்பசி பிறந்துவிட்டால் தினமும் அவனுக்குப் போன் போடுவேன். வேலை நேரத்தில் அவனிடம் போன் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் மத்தியானமே ஒரு தடவை போட்டுப் பார்ப்பேன். சாயங்காலம் அவன் எடுத்து "என்னப்பா?" என்று கேட்கும் வரைக்கும் எனக்கு எந்த வேலையும் ஓடாது. அத்தனை பேருக்காக அவன் பயப்படுகிறான். அவனுக்காகப் பயப்பட நான் ஒருத்தனாவது இருக்க வேண்டாமா?