மாப்பிள்ளை வீட்டுக் காரின் முன் சக்கரம்

நெய்வேலியில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவனுக்குக் கண்ணில் ஒரு கோளாறு வந்துவிடும். கறுப்பாக எதைப் பார்த்தாலும் கரி என்று நினைப்பான். கரி என்று நினைத்துவிட்டால் துடைக்காமல் இருக்க மாட்டான். ஜன்னல் கம்பி, கொடியில் காயும் வேட்டி, தண்ணீர்க் குடத்தின் மூடி என்று எல்லாவற்றிலும் அது மெல்லிய பூச்சாக வந்து உட்கார்ந்திருக்கும். (எங்கள் பிளாக்கில் ஒரு கறுப்புப் பூனை உண்டு. என்னைக் கண்டால் சுவர் ஏறிவிடும். அதன் பயம் நியாயமானது என்பாள் என் மனைவி அஞ்சலை.)

என் ஒரே மகள் நிவேதாவின் கல்யாணம் ஒரு காரின் இடது முன் சக்கரத்தில் போய்த் தொங்கியது இந்தக் கோளாறால்தான்.

மாப்பிள்ளை வீட்டார் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து காலையிலேயே வந்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தியாயிற்று, பிள்ளைகள் இருவரும் போனில் பேசிப் பிடித்தும் போயிற்று. மாப்பிள்ளை பிரபுவின் அம்மா வாயிலிருந்து ஒரு "சரி" வர வேண்டியதுதான் பாக்கி. அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திருவதிகை கோயிலுக்குப் போயிச் சாமி கும்பிட்டு வந்து சொல்றோம் சார்" என்றார்.

அஞ்சலை என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "கவனிச்சீங்களா? சாருன்னு கூப்புடறாங்க. சம்மந்தின்னு வாயில வரல. இன்னும் மனசு ஒப்பல அவங்களுக்கு."



குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த மச்சானின் வேனில் எல்லோருமாகப் போவது என்று முடிவாயிற்று. பிரபுவின் அப்பா மட்டும் தன் புதுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். குவார்ட்டர்ஸ் வாசல் புங்கமரத்தடியில் நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணாடியை ஒரு துடை துடைத்து, குழந்தையை விட்டுப் போவதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேனில் ஏறினார். நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்ததால் என்னைக் கழற்றிவிட்டார்கள். "கோயில்ல வந்து தூங்கி வழிஞ்சா மானம் போயிடும். வூட்லயே படுங்க. எதையும் தொடாதீங்க" என்றாள் அஞ்சலை.

படுத்தால் தூக்கம் வர வேண்டுமே. எழுந்து வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் அந்தச் சக்கரம் கண்ணில் பட்டது. நட்சத்திரம் மாதிரி பளபளவென்று வெள்ளிக் கம்பிகள். கம்பிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஒரே கறுப்பு.

அடப்பாவமே, நம்ம ஊர்க் கரி! எவ்வளவு ஆசையாய் வாங்கிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார் மனுஷன். 'பெண் வீட்டு வாசலில் நிறுத்தினோம், சக்கரம் கறுத்துவிட்டது' என்று அந்த அம்மா நினைத்தால்? அதுவே சகுனமாகிவிட்டால்? (வந்து இரண்டு மணி நேரத்துக்குள் நாலு சக்கரத்திலும் ஒரே அளவாகக் கரி எப்படிப் படியும் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்க அங்கே பூனை மட்டும்தான் இருந்தது. அதுவும் ஓடிவிட்டது.)

ஒரு வாளி தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துணிக்கு மசியவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துவந்தேன். கொஞ்சம் அசைந்தது. அசைந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. பாத்ரூமுக்குள் போய், தரைக் கறைக்கு ஊற்றும் ஆசிட் பாட்டிலோடு திரும்பினேன்.

ஊற்றியதும் 'சுர்ர்' என்று நுரை பொங்கியது. அழுக்கு கழன்றுகொண்டு வருகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. நார் போட்டு நன்றாக நாலு இழுப்பு இழுத்துத் தண்ணீர் விட்டேன்.

கறுப்பு போயிருந்தது. வெள்ளியும் போயிருந்தது. மிஞ்சியது, பழைய அலுமினியக் குண்டானின் அடிபோல, திட்டுத் திட்டாக வெளுத்த ஏதோ ஒன்று. அதன்மேல் நான் இழுத்த இழுப்பெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது.

பக்கத்திலிருந்த பின் சக்கரத்தைப் பார்த்தேன். விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. விரலில் ஒரு பொட்டுக் கரிகூட ஒட்டவில்லை. அது பெயிண்ட்.

போனை எடுத்து, அலாய் வீலை எப்படிச் சுத்தம் செய்வது என்று தேடினேன். (செய்து முடித்துவிட்டுப் படிப்பது என் வழக்கம்.) ஒரு தம்பி வீடியோவில் நிதானமாகப் பேசினார். வண்டி நிழலில் நிற்க வேண்டும், சக்கரம் சூடு ஆறியிருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைப் போக்கிவிட வேண்டும். பிறகு கார் ஷாம்பூவும் மெத்தென்ற பிரஷ்ஷும். ஷாம்பூ காய்வதற்குள் அலசி, மிருதுவான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த இடத்தில் தம்பி என் முகத்துக்கு நேராகவே விரலை நீட்டினார்: "சில பேர் பாத்ரூம் ஆசிட்டும் கம்பி நாரும் போடுவாங்க. அவங்களை ஆண்டவன்தான் காப்பாத்தணும்."

ஆண்டவன் திருவதிகையில் மாப்பிள்ளை வீட்டாரோடு இருந்தார்.

போன் அடித்தது. அஞ்சலை. "தரிசனம் முடிஞ்சுதுங்க. பண்ருட்டியில பலாப்பழம் வாங்கிக்கினு இருக்கறோம். அந்தம்மா மொகம் தெளிவாத்தான் இருக்குது. நீங்க தூங்கினீங்களா?"

"தூங்கிக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

அவர்கள் பலாப்பழத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கும் நேரம்தான் எனக்கு மிச்சம். மற்ற மூன்று சக்கரங்களையும் இப்படியே ஆக்கிவிட்டால் வித்தியாசம் தெரியாதே என்று ஒரு யோசனை வந்தது. (நாரைக் கையில் எடுத்துவிட்டேன். பூனைதான் சுவர்மேலிருந்து கத்தித் தடுத்தது.) கடைசியில் ஷூ பாலிஷ் கண்ணில் பட்டது. கறுப்பு இருந்த இடத்திலெல்லாம் பாலிஷை அப்பினேன். இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன்.

வேன் வந்தது. யாரும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டார்கள். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பாயசம் குடித்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. புறப்பட எழுந்தார்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கார் கிளம்பினால் போதும் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அந்த அம்மா. "புது வண்டி, தூரப் பயணம். கோயில் எலுமிச்சம்பழம் இருக்கு. சக்கரத்துக்கு நானே வச்சுருதேன்."

எலுமிச்சம்பழத்தை நான் யோசிக்கவே இல்லை.

மச்சான் பொறுப்பாக ஓடிவந்து தொட்டிகளை நகர்த்தினான். அந்த அம்மா இடது கையைச் சக்கரத்தில் ஊன்றிக் குனிந்து பழத்தை வைத்தார். நிமிர்ந்தார். அதே கையால் கன்னத்து வேர்வையைத் துடைத்தார். காதிலிருந்து வாய்வரை கறுப்பாக ஒரு தடம்.

பிரபுவின் அப்பா குந்தி உட்கார்ந்து, கைக்குட்டையால் சக்கரத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க என் கைவண்ணம் வெளியே வந்தது.

"என்னாங்க பண்ணி வச்சிருக்கறீங்க?" என்றாள் அஞ்சலை.

"கரி புடிச்சிருந்துச்சு... லேசாத் தேய்ச்சேன்."

"அங்கிள், அது கரி இல்ல" என்றான் பிரபு. "பெயிண்ட். வரும்போதே அப்படித்தான் வரும்."

"அப்பா!" என்று நிவேதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அந்த அம்மா கார்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு சக்கரத்தை. பிறகு என்னை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு மொத்த ஆளும் குலுங்கினார்.

"ஏன் சம்மந்தி, கறுப்பா இருந்தாத் தேய்ச்சுப்புடுவீகளா? எம் மகனும் கறுப்புத்தானே! கல்யாணத்துக்கப்புறம் அவனையும் உக்கார வச்சு நார் போட்டுருவீகளா?"

"மன்னிச்சிடுங்கம்மா, சக்கரத்தை மாத்திக் குடுத்துடறேன்..." என்று நான் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை என் இடுப்பில் கிள்ளினாள். "யோவ், சம்மந்தின்னு கூப்புட்டாங்கய்யா. காது அவிஞ்சு போச்சா?" (கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் என்னை 'யோவ்' என்றது அன்று ஒருநாள்தான்.)

பிரபுவின் அப்பா மட்டும் கறுத்த கைக்குட்டையைப் பார்த்தபடி, "சக்கரத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார். இன்றுவரை பேசவில்லை.

அந்தச் சக்கரம் இப்போது அதே காரில் ஸ்டெப்னியாக இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது மாப்பிள்ளை ஷாம்பூவையும் மெத்தென்ற பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே காவல் நிற்பார். நல்ல வேலைக்காரன் என்று பெயர்கூட வாங்கிவிட்டேன்.

ஆனால் வீட்டில் அது எடுபடவில்லை. பேத்தி பிறந்து, குளிப்பாட்டி, கன்னத்தில் மையால் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்துத் தொட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நான் ஆசையாகக் குனிந்தேன், அவ்வளவுதான். உள்ளேயிருந்து சம்பந்தியம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது:

"ஏ நிவேதா! புள்ளையத் தூக்கு! உங்கப்பா பாத்துட்டாரு!"