கழுத்துக்குக் கீழே

"வாயைத் திறக்க முடியலைங்கய்யா. கடைவாய்ப் பல்லு. டாக்டரைப் பார்க்க அனுமதி குடுங்க."

கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார் அய்யாக்கண்ணு. கணக்கு எழுதும் பெரிய கிராணி விநாசித்தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை. யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"பல்லு எங்க இருக்குது, ஐசே?"

"வாயிலதாங்கய்யா."

"வாய்?"

"மூஞ்சியில."

"அப்ப கழுத்துக்கு மேல. எங்கட திட்டம் கழுத்துக்குக் கீழ மட்டும்தான். மேல எண்டால் உம்மட பாடு."

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த பிறகு, கடற்கரையோரம் இருந்த அந்தத் தேங்காயெண்ணெய்க் கிடங்கில் முதலாளியான சீனத் தவுக்கே ஒரு வைத்தியத் திட்டம் கொண்டுவந்திருந்தார். வாராவாரம் கூலி அரிசியில் ஆளுக்கு ஒரு சிரட்டையைப் பிடித்துக்கொள்வார். உடம்புக்கு வந்தால் கிடங்கு டாக்டர் பார்ப்பார். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் ஒரு சிரட்டை அரிசி லேசுப்பட்ட சமாசாரமா? அதையும் கொடுத்துவிட்டு, தலைக்குத் தானேதான் பொறுப்பு என்பது அய்யாக்கண்ணுவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியில் போகலாம் என்றால், டவுனில் பல் வைத்தியர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். சனிக்கிழமையோ ஜப்பானிய அதிகாரி கிடங்கைப் பார்க்க வருகிறார். அவருக்கு நிப்போன் மொழியில் வரவேற்பு சொல்ல அய்யாக்கண்ணுவைத்தான் பொறுக்கியிருந்தார்கள். சொதப்பினால் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

ஆனாலும் மனுஷன் அசரவில்லை.

"சட்டம்னா ஓட்டை இருக்கும்லா," என்றார் மனைவி வடிவம்மாளிடம். "வயித்துவலின்னு சொல்லி வலி மருந்து வாங்குறேன். பல்லைத் தாண்டித்தானே அது வயித்துக்குப் போவணும்?"

டாக்டர் திருநாவுக்கரசு வயிற்றை இங்கே அமுக்கினார், அங்கே தட்டினார், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு விளக்கெண்ணெய் கொடுத்தார். மறுநாள் முழுக்க அய்யாக்கண்ணு எண்ணெய்ப் பீப்பாய்க்கும் கக்கூஸுக்குமாக ஓடினார். பல்வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

"முழங்கால் வலிங்கிறேன். அதுக்கு விளக்கெண்ணெய் குடுக்க முடியாதே!"

கொடுக்கவில்லைதான். இரண்டு பலகைத் துண்டை வைத்து, கால் மடங்காதபடி இறுக்கிக் கட்டிவிட்டார் டாக்டர். அந்தக் காலோடு அதிகாரிக்குக் குனிந்து வணக்கம் போட ஒத்திகை பார்த்தபோது அய்யாக்கண்ணு எண்ணெய்த் தரையில் வழுக்கிக் குப்புற விழுந்தார். அடிபட்டது வீங்கின கன்னத்தில்.

"உம்மை நம்பி துரைக்கு முன்னால எப்பிடி நிப்பாட்டுறது, ஐசே?" என்று தலையில் கைவைத்தார் விநாசித்தம்பி.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி அஸ்திரமாகக் காய்ச்சல் என்றார் அய்யாக்கண்ணு.

"நாக்கை நீட்டுங்க," என்றார் டாக்டர்.

வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடுமே! அய்யாக்கண்ணு உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வாய் வேற கட்டிருச்சா? என்ன நோயோ, ஏது நோயோ! எதுக்கும் தனியா வச்சுப் பூட்டிருங்க."

அய்யாக்கண்ணுவைப் பழைய சாக்கு அறையில் பூட்டினார்கள். பொழுது விடிந்தால் சனிக்கிழமை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இனி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

மருந்து அறையைக் கூட்டிப் பெருக்கும் ஆசியா பீவி கஞ்சி கொண்டுவந்தார். துண்டுக்கு மேலே பிதுங்கிய கன்னத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பல்லா தம்பி? டாக்டர்கிட்ட காட்டுறதுதானே?"

"மெல்லப் பேசுங்கக்கா! கழுத்துக்கு மேல அவரு பார்க்க மாட்டாரு."

ஆசியா பீவி சிரித்த சிரிப்பில் கஞ்சி தளும்பியது.

"நல்லாச் சொன்னீங்க! தவுக்கேக்கு மலிவாக் கிடைச்ச ஆளு தம்பி அவரு. சண்டைக்கு முன்னால ஈப்போவுல பல் டாக்டர். கழுத்துக்குக் கீழ உள்ளதைத்தான் உங்களையெல்லாம் வச்சுப் பழகிக்கிட்டு இருக்காரு!"