கட்டிக்குக் குடியிருப்புச் சான்று

வரிச்சிக்குடி செல்லக்கண்ணுவின் பெருங்குடலில் அரிசியளவு ஒரு கட்டி இருப்பதை ஸ்கேன் படம் கண்டுபிடித்துவிட்டது. சின்னதிலேயே எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை, விட்டால் புற்றாகிவிடும், வெள்ளிக்கிழமை வாங்க என்றார் டாக்டர். மருத்துவ உதவி அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்கினால் போதுமாம். ‘போதும்’ என்று அவர் எந்தத் தைரியத்தில் சொன்னாரோ.

மகள் தாமரைச்செல்வி கூட்டிப்போனாள். அதிகாரி வைத்தியலிங்கம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிலப் பத்திரம் படிப்பதுபோலப் பார்த்தார்.

“ஆள் நம்ம ஊரு. அதுல ஆட்சேபணை இல்ல. கட்டி எந்த ஊரு?”

“அப்பா வயித்துலதாங்க இருக்கு.”

“இருக்குறது வேற, குடியிருக்குறது வேற. உதவி வேணும்னா அஞ்சு வருஷம் தொடர்ந்து இங்க குடியிருக்கணும். டாக்டரு ‘ஆரம்ப நிலை’ன்னு எழுதியிருக்காரு. நேத்து வந்த கட்டிக்கு இன்னிக்கு உதவியா?”

செல்லக்கண்ணு உண்மையை மறைக்கத் தெரியாதவர். “போன வருஷம் ஆறு மாசம் திருப்பூர்ல வேலை பாத்தேங்க.”

“பாத்தியாம்மா. அங்கேர்ந்து வந்திருந்தா அது தமிழ்நாட்டுக் கட்டி. நம்ம யூனியன் பிரதேசக் கணக்குல சேராது.”

தாமரைச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அஞ்சு வருஷம் விட்டா அப்பாவே இருக்க மாட்டாருங்க.”

“அதுக்கு வேற படிவம். அன்னிக்கே கெடைக்கும்,” என்றார் ஆறுதலாக.

“உங்களுக்கு வந்தா இப்படிச் சொல்வீங்களா?”

“எனக்கும் இருக்கும்மா.” இழுப்பறையிலிருந்து தன் படத்தை எடுத்துக் காட்டினார். “நாலு வருஷம் முடிஞ்சிடுச்சு. இன்னும் ஒண்ணுதான். தகுதி வந்துடும்.”

“இப்ப எவ்ளோ பெருசுங்க?”

“பாக்கல. திரும்ப ஸ்கேன் எடுத்தா புதுத் தேதி விழும். சீனியாரிட்டி போயிடும்ல.”

செல்லக்கண்ணுவின் படத்தில், சரியாகக் கட்டியின் மேலேயே, அன்றைய தேதி முத்திரையைக் குத்தினார். வரிசையில் சலசலப்பு.

“சார், எங்களுக்கும் ஒரு தேதி போட்டு வைங்க. கட்டி வர்றப்ப வரட்டும்.”

தாமரைச்செல்வி படத்தைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். கையெழுத்தாவது கத்திரிக்காயாவது, டாக்டர் காலில் விழுந்தாவது வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவது என்று முடிவுகட்டித் திரும்பினால், அப்பாவைக் காணோம்.

வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

“அங்க என்னப்பா பண்றீங்க?”

“உனக்கும் ஒரு தேதி வாங்கிடுறேம்மா. பின்னால அலைய வேணாம் பாரு.”