சுவத்துல ஒட்டின வாத்து

எண்பத்தொண்ணாம் வருஷம், கார்த்திகை பொறந்த மறுநாள். காலையில காபி குடிச்சுட்டு, "இன்னிக்கு முன் ரூம் சுவத்துப் பேப்பரை நானே உரிக்கப்போறேன்"னு அறிவிச்சேன். என் வீட்டுக்காரி உண்ணாமலை ஈரக் கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து, என் நெத்தியில புறங்கையை வச்சுப் பாத்தா. ஜுரம் இல்லை. அப்புறம் காபி டம்ளரை எடுத்து மோந்து பாத்தா.

அவ சந்தேகப்பட்டதுல தப்பில்லை. எம் பேரு கோதண்டராமன். கையில வில்லு வச்சிருக்கறவர் பேரு. ஆனா தாலுகா ஆபீஸ்ல நாற்காலி தேய்க்கறதைத் தவிர, இந்தக் கை ஒரு சுத்தியலைக்கூடத் தூக்கினதில்லை.

எங்க வீடு திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குப் பின்னால. எங்களுக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் அங்க குடியிருந்தாரு. தியானம் பண்ண வந்தவரு. வெறும் சுவரைப் பாத்தா மனசு அலையுதுன்னு, அவங்க ஊர்லேர்ந்து சுருள் சுருளா கலர் பேப்பர் வரவழைச்சு, முன் ரூம் நாலு சுவத்துலயும் ஒட்டிட்டாரு. பச்சைக் குளம். குளம் பூரா மஞ்சள் வாத்து. அத்தனை வாத்தும் ஒரே பக்கமா முறைச்சுப் பாக்கும். அவருக்கு ஞானம் கெடைச்சுதோ இல்லையோ, ஊருக்குப் போயிட்டாரு. வாத்துங்க தங்கிடுச்சு.

நாங்க வீட்டை வாங்கி மூணு வருஷமா உண்ணாமலை கேட்டுக்கிட்டேதான் இருந்தா. மழை பேஞ்சா பேப்பர் உப்பிக்கும். உள்ளுக்குள்ள கரப்பான் ஓடும், பல்லி குடும்பம் நடத்தும். "உரிச்சுட்டு வெள்ளை அடிங்க"ம்பா. "பாக்கலாம்"பேன். "ஆள் வச்சாவது செய்ங்க"ம்பா. "கூலி ஜாஸ்தி"ம்பேன். அதோட அன்னிக்குப் பேச்சு முடிஞ்சுடும்.

இப்படிப்பட்டவனுக்குத் திடீர்னு என்ன ரோசம்னு கேக்கறீங்களா? தீபம் வருது.

திருவண்ணாமலையில வீடு வச்சிருக்கறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கோயில்ல கொடி ஏறினா போதும், எந்தெந்த ஒறவுக்கோ நம்ம விலாசம் ஞாபகம் வந்துடும். உண்ணாமலையோட அண்ணன் தருமன் இருக்காரே, தண்டராம்பட்டுப் பக்கம் விவசாயம், அவரு குடும்பத்தோட வந்து பத்து நாளும் இருந்து சாமி பாத்துட்டுத்தான் போவாரு. நல்ல மனுஷன். நல்ல மனுஷங்களுக்கு எப்பவுமே ஜனக்கட்டு ஜாஸ்தி. போன வருஷம் முன் ரூம் பூரா அவங்க படுத்துக்கிட்டாங்க. நான் சமையல்கட்டுல ஆட்டுக்கல்லைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுத் தூங்கினேன்.

இந்த வருஷம் அப்படி விட முடியாது. தீபத்தப்போ டெஸ்ட் மேட்ச் வருது. லீவு சொல்லியாச்சு. முன் ரூம், ஈஸி சேர், டிரான்சிஸ்டர், நான். ஆயுசுல வேற ஒண்ணும் கேக்கலை. அதுக்கு வழி, முன் ரூமைப் பாதி உரிச்சு, குப்பையும் காரையுமா போட்டுடறது. ஒருத்தரும் படுக்க முடியாது. ஈஸி சேருக்கு ஒரு மூலை போதும். மீதியை தீபம் முடிஞ்சு பாத்துக்கலாம், இல்லாட்டி பாக்காமலேயும் இருக்கலாம்.

"ஏங்க, இப்பப் போயா? தீபம் கழிச்சு உரிச்சுக்கலாம்"னா உண்ணாமலை.

"நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது."

"மூணு வருஷமா தள்ளினீங்களே."

"அதான் இனிமே தள்ளக் கூடாதுங்கறேன்."

"அண்ணன் வூட்டு ஜனமெல்லாம் வருமே. எங்க படுப்பாங்க?"

இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். மூஞ்சியைச் சோகமா வச்சுக்கிட்டேன். "என்னா பண்றது? சுவர் இருந்தாத்தானே சித்திரம்?"

"சித்திரம்தான் இருக்குதே, வாத்து. எனக்கென்னமோ மனசே இல்லீங்க. அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். பாக்கப் பாக்க அழகாத்தான் இருக்குது."

மூணு வருஷத்துல அவ அந்த வாத்தை அழகுன்னு சொன்னது அன்னிக்குத்தான். அப்பவே நான் உஷாராயிருக்கணும். நான் என்ன பண்ணேன், தோசைத் திருப்பி கேட்டேன். மறுபேச்சு பேசாம எடுத்துக் குடுத்தா. அதுவும் புத்தம் புதுசு.

வெந்நீரை வாரி அடிச்சுச் சுரண்டினேன். வாத்து லேசுப்பட்ட பறவையில்லைங்க. தலை வந்தா மூக்கு வராது. மூக்கு வந்தா அதோட ஒரு முழம் காரையும் சேந்து வந்து கால் மேல விழும். அந்த வெள்ளைக்காரர் என்ன பசை போட்டாரோ, முக்தி கிடைக்கிற வரைக்கும் விடக் கூடாதுன்னு ஒட்டியிருக்காரு. மத்தியானத்துக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப் போச்சு, சுண்ணாம்புத் தூள்ல.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க. "என்னா சார், சுவத்துக்குச் சவரமா?"

"ரிப்பேர் வேலைங்க."

"பாவம், கூட மாட ஒரு ஆள் இல்லியா?"

"ஒண்டி ஆளுதாங்க"ன்னு இடுப்பைப் புடிச்சுக் காட்டினேன். ஊரே நம்பணுமில்ல?

ரூம் நான் நெனைச்ச மாதிரியே அலங்கோலமாயிடுச்சு. தோசைத் திருப்பியைக் கீழே போட்டேன். உண்ணாமலை வாசப்படியில நின்னு ஒரு பெருமூச்சு விட்டா.

"இனிமே யாரும் வந்து தங்க முடியாது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிடணும். அண்ணன் ஊரு சுப்பன் இன்னிக்கு மண்டிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டாந்திருப்பான். வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

"இதோ."

"வேலை பெரிசுன்னு சொல்லுங்க. நீங்க ஒண்டி ஆளா கெடந்து அல்லாடறீங்கன்னும் சொல்லுங்க. அப்பத்தான் அண்ணன் தப்பா நெனைக்காது."

என்ன பொறுப்பான பொம்பளை. நான் சைக்கிள்ல பறந்தேன். சுப்பனுக்கு டீ வாங்கிக் குடுத்து, ஒரு சொல்லு விடாம சொன்னேன். சுவரெல்லாம் பேத்துப் போட்டிருக்குது, குந்த இடமில்லை, நான் ஒருத்தனே கெடந்து சாவறேன், இடுப்பு கழண்டு போச்சு. கடைசியில என் குரல் எனக்கே தழுதழுத்துது. சுப்பன் டீயைப் பாதியில வச்சுட்டான்.

"ஒண்டியாவா செய்றீங்க? ஐயையோ. இன்னிக்கே சொல்லிடறேங்க."

அன்னிக்கு நான் பாடிக்கிட்டே குளிச்சேன்.

அடுத்த நாள் பொழுது விடிஞ்சு கதவைத் தொறக்கறேன், வாசல்ல ரெட்டை மாட்டு வண்டி. வண்டியில ஏணி, கடப்பாரை, மண்வெட்டி, சுண்ணாம்பு மூட்டை, அரிசி மூட்டை, கால் கட்டின நாலு கோழி. மேல தருமன் பொஞ்சாதி ஆராயி. பின்னாலேயே நடந்து தருமனும் அவரு தம்பிமாரும். அதுக்கும் பின்னால எனக்குப் பேர் தெரியாத ஜனம்.

தருமனுக்குக் கண்ணு கலங்கியிருந்துது. "ஏன் மாப்ள, தங்கச்சி வூட்ல வேலை நடக்குதுன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களா? சுப்பன் வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

"இல்ல மச்சான், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"நீங்க ஒண்டியா இடுப்பொடிஞ்சு கெடப்பீங்க, நான் ஊர்ல குந்திக்கிட்டு சோறு துன்றதா? கேட்டவன் என் மூஞ்சில காறித் துப்பமாட்டான்?"

எங்க ஜனம் அப்படித்தான். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்குச் செத்தாலும் போவமாட்டாங்க. ஆனா ஒறவுக்காரன் வீட்டுல வேலைன்னு காதுல விழுந்தா, கூப்பிடாமலேயே கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. எங்க அப்பாவும் இப்படி ஊர் ஊரா போனவருதான். எனக்குத் தெரியாததா? ஆபீஸ் ஃபேன் காத்துல மறந்து தொலைச்சுட்டேன்.

ஆளுக்கொரு பக்கம் பூந்தாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஒரு வாத்து இல்லை. காரை பூசினாங்க. அது காஞ்சதும் வெள்ளை அடிச்சாங்க. முன் ரூமோட நிக்கலை, வீடு பூரா அடிச்சாங்க. சந்திரம்மாள் வீட்டு மதிலுக்கும் சேத்து அடிச்சாங்க. வீடு கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

மெதுவா ஆரம்பிச்சேன். "வேலை முடிஞ்சுது மச்சான். ஊர்ல பயிரு காத்துக் கெடக்குமே."

"பயிரைப் பெரியவன் பாத்துக்குவான் மாப்ள. தீபத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தானே? போயிட்டுத் திரும்பி வர்றது வீண் அலைச்சல். இருந்து பாத்துட்டே போறோம்." அப்படின்னுட்டு என் ஈஸி சேர்ல சாஞ்சு, டிரான்சிஸ்டரைத் திருகி விவசாய நிகழ்ச்சி வச்சுக்கிட்டாரு.

நேரா சமையல்கட்டுக்குப் போனேன். உண்ணாமலை அண்டாவுல சாம்பார் கிண்டிக்கிட்டிருந்தா. முகத்துல அப்படியொரு நிம்மதி.

"ஏண்டி, வேலைன்னு சொல்லி அனுப்பினா உங்கண்ணன் ஊரையே கூட்டிக்கிட்டு வந்துடுவாருன்னு உனக்குத் தெரியுமில்ல? முன்னாடியே எங்கிட்ட சொன்னா என்னா?"

அவ கரண்டியில கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில விட்டு, உப்பு பாத்துக்கிட்டே சொன்னா.

"சொல்லியிருந்தா, நீங்க வாத்து மேல கையை வச்சிருப்பீங்களா?"