தோள்பட்டை ஆராய்ச்சி

மாநாட்டுக்குப் போனால் பிசியோதெரபிக்காரர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். பை கொண்டுவருவார், பேனா கொண்டுவருவார். இந்தத் தடவை போதாத காலம், ஒரு கொள்கையைக் கொண்டுவந்துவிட்டார்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே அறிவித்தார்.

"இனிமே ஆதாரம் இல்லாத வைத்தியம் இந்த வீட்டு முன்ரூம்ல நடக்காது!"

முன்ரூம்தான் அவருடைய கிளினிக். ஒரு கட்டில், இழுத்துப் பழக ரப்பர் பட்டைகள், ஒரு கண்ணாடி. நடுநாயகமாக ஒலி அலை மிஷின். வலிக்கிற இடத்தில் களிம்பைத் தடவி, மிஷினின் உருண்டைத் தலையால் வட்டவட்டமாகத் தேய்ப்பார். வருகிறவர்களுக்கு அதில் அப்படியொரு சொக்கு. பயிற்சி சொல்லிக்கொடுத்தால் கொட்டாவி விடுவார்கள். 'மிஷின்காரர்' என்றே தெருவில் அவருக்குப் பேர் விழுந்துவிட்டது. படித்த படிப்பெல்லாம் போய் மிஷின்காரனாகிவிட்டோமே என்று மனுஷனுக்கு உள்ளூர எரிச்சல். அந்தப் பேரை எப்படியாவது ஒழித்துக்கட்ட வேண்டும்.

"மிஷினைப் பரண்ல போடப்போறேன்," என்றார்.

"முதல்ல உள்ள வாங்க. மிஷினுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி.

"அதுக்கு ஒண்ணும் வரல. அதால ஒண்ணும் வரலன்னு ஆராய்ச்சி சொல்லுது. தோள்வலிக்கு ஆதாரம் இருக்கறது பயிற்சிக்குத்தான்."

"யாரு தோள்ல பாத்தாங்களாம்?"

"நூத்துக்கணக்கான பேரு தோள்ல!"

"என் தோள்ல பாக்கலியே."

அதுதான் சங்கடம். வலது தோள் வலிக்கிறது என்று அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்தியர் வீட்டுச் சீக்கை வைத்தியர் எங்கே பார்த்தார்?

"என் தோள்ல நிரூபிங்க. மிஷினை ஏத்த நானே ஏணி பிடிக்கறேன். முடியலன்னா, ஜென்மத்துக்கும் அதைப் பத்திப் பேசக் கூடாது," என்றாள்.

"பாத்துடுவோம்! ஆனா ஏனோதானோன்னு இருக்காது. குணமானாலும் ஒரு வருஷம் எதையும் மாத்தாம தொடர்ந்து பாக்கணும். அதுதான் ஆராய்ச்சி!"

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்!" என்று மார்தட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பிற்பாடுதான் அவர் நினைவுக்கு வரப்போகிறது.

திட்டம் ரகசியமானது. எதிர்வீட்டு டீச்சருக்கும் அதே தோள்வலி. டீச்சருக்கு மிஷினை ஓடவிட்டுத் தேய்ப்பது. மனைவிக்கு அணைத்துவைத்தே தேய்ப்பது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தோலுக்கு வித்தியாசம் தெரியாது. விளக்கு எரிகிற பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தால் மிஷின் தண்டம் என்று ஆகிவிடும். தன் புத்தியை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

முடிவில் வேறெதுவும் குறுக்கே வரக் கூடாதே என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தார்.

"பரிசோதனை முடியற வரைக்கும் நீ கனமா எதையும் தூக்கக் கூடாது. கையை உசத்தி வேலை செய்யக் கூடாது."

"ஈரத்துணி வாளியை மாடிக்கு யாரு தூக்கறது?"

"நான்."

"துணியைக் கொடியில போடறது?"

"நானே."

"ஒட்டடை?"

கொஞ்சம் தயங்கினார். விஞ்ஞானம் என்று வந்துவிட்டால் தியாகம் இல்லாமல் முடியுமா?

"அதுவும் நான்தான்."

டீச்சரிடமும் இதையேதான் சொன்னார். டீச்சர் வீட்டுக்காரர், "ஆகட்டும் சார்," என்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதோடு சரி.

தினமும் தேய்ப்பு நடந்தது. தினமும் விசாரணையும் நடந்தது.

"பத்துக்கு எத்தனை வலி?"

"நீங்க கேட்டா ஏழு. கேக்காட்டி அஞ்சு."

சில வாரம் போனது. ஒருநாள் மனைவி வலது கையை உயர்த்தி மேல் அலமாரியைத் தொட்டுக் காட்டினாள். டீச்சரோ இன்னமும் இடது கையால்தான் தலை வாரிக்கொண்டிருந்தார். பிசியோதெரபிக்காரர் மண்டையைச் சொறிந்தார். ஓடின மிஷினில் தேய்த்தவருக்கு வலி அப்படியே இருக்கிறது, ஓடாத மிஷினில் தேய்த்தவளுக்குப் போய்விட்டது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே! ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

"உன் தோள்ல நான் தேய்ச்சப்பல்லாம் மிஷின் ஓடவே இல்ல!" என்று துள்ளினார்.

"தெரியுமே," என்றாள் மனைவி.

"எப்படித் தெரியும்?"

"மிஷின் ஓடினா சமையலறை ரேடியோ கரகரங்கும். டீச்சர் வந்தா இரைச்சல் தாங்காது. நான் படுத்தா கணீர்னு பாடுது. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பொண்டாட்டிய ஏமாத்தறதுக்கு முன்னாடி சம்மதம் வாங்கணும்னு உங்க மாநாட்டுல சொல்லலியா?"

அவர் மிஷினின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அதை விடுங்க. மிஷின் தண்டம், ஒத்துக்கறேன். அப்ப என் தோளை எதுங்க குணமாக்குச்சு? எனக்கு நடந்து டீச்சருக்கு நடக்காதது என்ன? யோசிங்க, நீங்கதானே ஆராய்ச்சிக்காரர்."

அவர் உண்மையாகவே ஆவலோடு யோசித்தார். கட்டிலைப் பார்த்தார், களிம்பைப் பார்த்தார், ரப்பர் பட்டையைப் பார்த்தார். கடைசியில் கண் மாடிப்படியடியில் போய் நின்றது.

"வாளி," என்றார், சுரத்தில்லாமல்.

"ஆதாரம் கிடைச்சுடுச்சு பாத்தீங்களா!"

"இரு, இரு! ஓய்வே வைத்தியம் ஆயிடாது. இனிமே நீ பயிற்சி செய்யணும். கொஞ்சம் கொஞ்சமா கனம் தூக்கிப் பழகணும். அதுக்கும் ஆதாரம் இருக்கு!"

"நாளைக்கே ரப்பர் பட்டையை இழுக்கறேன். கனம் வேணும்னா டீச்சர் வீட்டுக்காரர் வாங்கிப்போட்ட டம்பெல்ஸ் சும்மாதான் கிடக்கு, தூக்கறேன். வாளிய மட்டும் கேக்காதீங்க. குணமானாலும் ஒரு வருஷம் எதையும் மாத்தக் கூடாதுன்னு யாரோ மார்தட்டினாங்க."

சொன்ன சொல் தவறாமல் ஏணியைப் பிடித்தாள். மிஷின் பரணேறியது. விஷயம் மட்டும் எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தபோது எதிர் மாடியில் டீச்சர் வீட்டுக்காரர் தெரிந்தார். ஒரு கையில் வாளி, தோளில் ஈரப் போர்வை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏன் சார், ஆராய்ச்சி பண்ண உங்களுக்கு வேற தெருவே கிடைக்கலியா?"

மிஷின்காரர் என்ற பேர் அத்தோடு ஒழிந்தது. இப்போது தெருவே அவரை வாளிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது.